ஆட வேண்டிய குழாய்

பாய்லருக்கு இடது காது செத்துப் பல காலமாகிறது. வலது காது இன்னும் சாகவில்லை, படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறுதான். ஆனால் கொதிகலன் பட்டறையில் வாலிபம் முழுக்கச் சம்மட்டி அடித்துத் தேய்ந்த ஆளை ஜனங்கள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சம்பளத்துக்கு மேல் பட்டறை கொடுத்த போனஸ் அந்தக் காது. மூக்கும் அப்படித்தான், பற்றவைப்புப் புகை தின்று தீர்த்த மூக்கு. சோறு அடுப்பில் தீய்ந்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லவேண்டும்.

பட்டறையில் ஒரு பாஷை உண்டு. ஆள் நுழைகிற அளவு இரும்பு உருளைக்குள் ஒருவன், அடிவாங்கும் ஆணிக்கு எதிராக முட்டுக்கட்டையைத் தாங்கிப் பிடித்துக் குந்தியிருப்பான். அவன் உள்ளாள். வெளியே நின்று அடிப்பவன் வெளியாள். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் காற்றுக்குத்தான் கேட்கும். அதனால் தகட்டில் தட்டித்தான் பேச்சு. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு, நடக்கட்டும். பாய்லர் வெளியாளாக நின்ற நாட்களில் அவருக்கு உள்ளாளாக இருந்தது கூடப்பிறந்த தம்பி. ஒல்லிக்குச்சியான உடம்பு, எந்தத் துவாரத்திலும் நுழைவான். காது போவதற்குள் தப்பித்துக் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போய்விட்டான். பாஷை மட்டும் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. பாய்லரின் பெண்டாட்டியே சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சுவரில்தான் தட்டுவாள்.

அந்தத் தம்பிக்கு இப்போது சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து வரத் தெம்பில்லை. அதற்காகத்தான் பாய்லர் இந்தப் பழைய காரை வாங்கினார். வாங்கும்போதே அது தாத்தா வண்டி. அதைப் பிரித்து மாட்டித் துடைத்து ஓடவைத்தது அவர் கை. பின்சீட்டு தம்பிக்கு. போர்வையைப் போர்த்திக்கொண்டு காலை மடக்கிப் படுத்தபடியே வருவான்.

அன்று சனிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பாய்லரின் பெண்டாட்டி ரொட்டியும் அளந்து ஊற்றிய அரைக் குவளைத் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். அவன் தட்டைத் தொடவில்லை. கட்டிலின் இரும்புச் சட்டத்தை விரல் முட்டியால் தட்டினான்.

ஒன்று.

பாய்லருக்குச் சத்தம் கேட்கவில்லை. சட்டத்தின்மேல் கை வைத்திருந்ததால் அதிர்வு கையில் ஏறியது. "என்னடா ஒண்ணு?"

"போதும்ணே. திங்கக்கிழமை நான் வரலை."

"வராம?"

"போறப்பவே மண்டை பொளக்குது. வயித்தைப் புரட்டுது. மிஷின்ல போடுறதுக்கு முன்னாடியே பாதி உயிர் போயிடுது. மீதிய அவங்க எடுத்துக்கிறாங்க. டாக்டரே முழிக்கிறாரு. ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, தலைவலி ஏன்னு தெரியலைன்றாரு. எனக்குத் தெரியுது. உடம்பு கணக்கை முடிக்கப் பாக்குது. விட்டுடுங்க."

"டேய், அறைஞ்சேன்னா!"

"அறைஞ்சாலும் வரமாட்டேன்."

வீட்டில் மூவருக்கும் தெரியும். இரண்டு தடவை தப்பினால் ஆள் தப்பமாட்டான். பாய்லர் கட்டிலைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். அவர் பெண்டாட்டிதான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "போர்வையைக் குடு தம்பி, ஈரமா இருக்கு. தொவைச்சுப் போடுறேன்" என்றாள்.

அவள் சலவைக்காரி. ஆஸ்பத்திரி, ஹோட்டல், கல்யாண மண்டபம் என்று ஊர் அழுக்கெல்லாம் வந்து சேரும் பெரிய சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி. துணியை முகத்தருகே கொண்டுபோனால் போதும், அது எங்கே கிடந்தது, யார் மேலே கிடந்தது என்று சொல்லிவிடுவாள். எந்தத் துணியையும் முகராமல் தண்ணீரில் போடமாட்டாள். அன்றைக்கும் போர்வையை முகர்ந்தாள். ஒரு ஓரத்தை முகர்ந்தாள், மறு ஓரத்தை முகர்ந்தாள். பிறகு புருஷனிடம் நீட்டினாள்.

"ஏங்க, இதை மோந்து பாருங்க."

"எனக்கு மூக்கு எங்க இருக்கு?"

"மூஞ்சிக்கு நடுவுல. அழகுக்கு வெச்சிருக்கு." அவள் போர்வையை மடியில் போட்டுக்கொண்டாள். "வேர்வை நாத்தமில்ல, மருந்து நாத்தமுமில்ல. இது புகை. வண்டிப் புகை. அவரு தலைமாட்டுல வர்ற பக்கம் கப்புன்னு அடிக்குது, கால்மாட்டுல ஒண்ணுமில்ல."

"ரோட்டுல லாரி போவுது, பஸ் போவுது. புகை ஒட்டாம பன்னீரா ஒட்டும்?"

"ரோட்டுப் புகைன்னா போர்வை முழுக்க ஒட்டணும். தலைமாட்டை மட்டும் தேடிக் கண்டுபிடிச்சு ஒட்டுமா? இன்னொண்ணு கேளுங்க. வெயில் அடிச்ச அன்னைக்கு அவருக்குத் தலைவலி உண்டா? பின்ஜன்னலை ஏத்திட்டுப் போன அன்னைக்குத்தான் எல்லாம். எனக்கு வாந்தி வரும்னு என் பக்கத்து ஜன்னல் எப்பவும் ஒரு சாண் திறந்திருக்கும். உங்க பக்கமும் கை போடத் திறந்திருக்கும். மூடுன குகைக்குள்ள வர்றது அவரு ஒருத்தருதான்."

"வண்டி மேல பழி போடாத."

"வண்டி சத்தம் மாறிப்போச்சுன்னு மழைக்கு முன்னாடியே சொன்னேன். பழைய வண்டி இருமத்தான் செய்யும்னு சொன்னது யாரு? செவிட்டு மகராசா, வந்து பின்சீட்டைத் தூக்குங்க."

பாய்லர் முனகிக்கொண்டே போய்ப் பின்சீட்டைத் தூக்கினார். அடியில் விரிப்பு. அதை உரித்தார். தரைத் தகட்டில் ரூபாய்க்காசு அகலத்துக்கு ஒரு ஓட்டை. எப்போதோ இருந்த ரப்பர் மூடி எங்கேயோ விழுந்துபோயிருந்தது. ஓட்டையைச் சுற்றி அடுப்பங்கரைச் சுவர் மாதிரிக் கரி. அவர் கோணியை விரித்து மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார்.

சைலன்சர் பெட்டிக்கு முன்னால், குழாயும் குழாயும் சேர்கிற கழுத்தில் பாதிச் சுற்றுக்கு விரிசல். அங்கிருந்து கரிக்கோடு நாக்கு நீட்டிக்கொண்டு நேராக அந்த ஓட்டைக்குப் போயிருந்தது. பக்கத்திலேயே, சிவப்பு வண்ணம்கூட மங்காமல், ஒரு இரும்புக் கம்பி. குழாயை வண்டியின் உடம்போடு இறுக்கிப் பிடித்திருந்தது.

அது அவர் போட்ட கம்பி.

முன்பு அங்கே குழாயைத் தாங்கிக்கொண்டு ஒரு ரப்பர் வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. அது அறுந்துபோனபோது பாய்லருக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு கனத்தைத் தூக்க ரப்பரா? எந்த முட்டாள் வைத்தான்? அவர் பட்டறையில் ஆடுகிற குழாய் என்றால் அது உடையப்போகிற குழாய். ஆடுவதையெல்லாம் அசையாமல் இறுக்கு, அதுதான் அவர் கற்ற ஒரே வேதம். கம்பியை அளந்து வெட்டி, வளைத்து, இரண்டு முனையையும் பற்றவைத்து, துருப்பிடிக்காமல் சிவப்பு அடித்து, "இனி எமனே வந்தாலும் ஆட்ட முடியாது" என்று பெண்டாட்டியிடம் சொல்லியுமிருந்தார்.

வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை. மட்கார்டில் அவள் இரண்டு தட்டுத் தட்டினாள். என்ன, நடக்கட்டுமா?

அவர் வெளியே வந்து, "குழாய் வெடிச்சிருக்கு. நான் வெச்ச கம்பிதான்" என்றார். அவள் நேராகக் கொழுந்தனிடம் போனாள். "தம்பி, உனக்கு வந்த தலைவலி பாதி வண்டியோடது. உங்க அண்ணன் ஒரு கம்பி வெச்சாரு, அதுல குழாய் வெடிச்சிடுச்சு. புகை உன் மூக்குக்கு நேரா வருது."

படுத்திருந்தவன் கண்ணைத் திறந்தான். "அவரு சம்மட்டிக்கே தப்பிச்ச ஆளு நான். ஒரு கம்பியாலயா சாவப்போறேன்? சும்மா ஆறுதல் சொல்லாதீங்க அண்ணி."

"ஆறுதல் சொல்ற மூஞ்சியா இது? ஒரு பேச்சு பேசிக்கலாம். திங்கக்கிழமை ஒரே ஒரு தடவை ஏறு. ஜன்னலை எல்லாம் ஏத்திட்டே போவோம். தலை வலிச்சா நீ சொன்னபடி. அப்புறம் நான் வாயைத் திறக்கமாட்டேன், உங்க அண்ணனையும் திறக்க விடமாட்டேன்."

அவன் கூரையைப் பார்த்து யோசித்தான். "ஒரே தடவை" என்றான்.

ஆக, எல்லாம் அந்தக் குழாய் தலையில் வந்து விடிந்தது.

ஞாயிறு காலை தகரக் கொட்டகையில் வேலை தொடங்கியது. மூன்று பக்கமும் திறந்த கொட்டகை. கூரையில் மழை உளுந்து கொட்டுவதுபோலக் கொட்டியது. வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு இரும்புத் தாங்கிகளில் உட்காரவைத்து, உலுக்கிப் பார்த்த பிறகுதான் அடியில் போனார். ஜாக்கியை நம்பி அடியில் போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். அவர்களில் ஒருவரைத் தூக்கவும் செய்திருக்கிறார்.

முதலில் கம்பியை வெட்டவேண்டும். ரம்பத்தால் அறுத்தார், அறுத்தார், பல்தான் தேய்ந்தது. அவர் பற்றவைத்தது லேசில் விடுமா? தன் கைவேலையே தன்னை எதிர்த்து நிற்பதைப் பார்க்க அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. துரு தின்ற போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, கொஞ்சம் முன்னே திருப்பி, கொஞ்சம் பின்னே திருப்பி, அழுகிற குழந்தையைத் தூங்கவைக்கிற பொறுமையோடு கழற்றினார். கழன்ற குழாயைக் கம்பியின் மிச்சத்தோடு தோளில் போட்டுக்கொண்டு மழையிலேயே காயலான் கடைக்கு நடந்தார்.

கடைக்காரர் பெரிய வயிற்றுக்காரர். குழாயை வாங்கித் திருப்பினார், கம்பியைத் தடவினார். "யாருண்ணே இதை வெச்சது?"

"நான்தான்."

"கேக்கலை, சத்தமாச் சொல்லு."

"எனக்குத்தான்யா காது கேக்காது, உனக்கென்ன? நான்தான்!"

கடைக்காரர் சிரித்ததில் வயிறு தனியாகக் குலுங்கியது. "தப்பை இவ்வளவு சுத்தமா செஞ்சு நான் பார்த்ததே இல்லண்ணே. கண்ணாடி மாதிரி பத்தவெச்சிருக்கே! இஞ்சின் ரப்பர்மேல உக்காந்துக்கிட்டு ஆடுது. குழாய் அதுகூடச் சேர்ந்து ஆடணும். நீ கொண்டுபோய் உடம்போட கட்டிப்போட்டுட்டே. ஆட்டம் எங்க போவும்? எலும்பு மெலிஞ்ச எடத்துல போய் முறிக்கும்."

"பாய்லர்ல இந்த ஆட்டம் ஆடுனா தெருவே பறந்துடும்."

"இது பாய்லர் இல்லண்ணே, தொட்டில். தொட்டிலை ஆணியடிச்சு வெப்பாங்களா?"

பாய்லர் மலைபோல் கிடந்த சாமான்களுக்குள் புகுந்து, விட்டம் சரியான ஒரு குழாய்த்துண்டைச் சுண்டிப் பார்த்துப் பொறுக்கினார். ரப்பர் வளையங்களை இழுத்துப் பார்த்து, முறுக்கிப் பார்த்து, வெடிப்பில்லாத இரண்டைத் தேர்ந்தெடுத்தார். "ஒண்ணு போதுமேண்ணே" என்றார் கடைக்காரர். "ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு ஆடட்டும்" என்றார் பாய்லர்.

திரும்பி வந்ததும் வெடித்த கழுத்தை வெட்டி எறிந்துவிட்டு, புதுத் துண்டைத் தரையில் வைத்தே பற்றவைத்தார். முகமூடியை இறக்கினால் அவர் வேறு ஆள். மற்றவர்கள் பொட்டுப்பொட்டாக வைப்பார்கள். அவர் குழாயை இடதுகையால் மெல்ல உருட்டிக்கொண்டே, மூச்சை அடக்கி, வட்டம் முழுவதையும் ஒரே இழையில் முடிப்பார். ஆறியபின் கசடைத் தட்டினால் உள்ளே மீன்செதில் அடுக்கினது மாதிரி வரிவரியாக இருக்கும். பெண்டாட்டி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். எத்தனை வருஷம் பார்த்தாலும் அந்த வரியைப் பார்க்கும்போது அவளுக்கு அவர்மேல் கோபம் நிற்பதில்லை.

தரை ஓட்டைக்குத் தகடு வைத்து அடைத்தாயிற்று. குழாயை மாட்டி, ரப்பரில் தொங்கவிட்டாயிற்று. கையால் தள்ளினால் குழாய் ஊஞ்சல் மாதிரி லேசாக ஆடியது. பாய்லருக்கு அதைப் பார்க்கவே உடம்பு கூசியது. இறுக்கிவிடத் துடித்த கையை இழுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சரி பாக்கணும்" என்றாள் அவள். "நம்ம வீட்டு கேஸ் குழாய்க்கு எப்படிப் பாக்கறேன்? சோப்பு நுரை. வாயை அடைச்சு இஞ்சினைப் போட்டா, காத்து எங்க போவுதுன்னு நுரை சொல்லும்."

குழாயின் வால்முனையை ஈரத்துணியால் அழுத்த ஒரு ஆள், அடியில் படுத்து நுரையைப் பார்க்க ஒரு ஆள், சாவி திருக ஒரு ஆள் வேண்டும். வீட்டில் மிச்சம் ஒரே ஆள்.

தம்பி ஜன்னல் வழியாகக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கூப்பிட்டதும் முனகினான். "சாவப்போறவனை வேலைக்குக் கூப்பிடுற வீடு இது ஒண்ணுதான்." ஆனாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டான்.

"டேய், நீ உள்ளாளு" என்றார் பாய்லர், அடியில் நகர்ந்தபடி.

"எப்பவும் நான்தானே உள்ளாளு. தட்டு."

அடியிலிருந்து இரண்டு தட்டு. இஞ்சின் உறுமியது. அவள் துணியை அழுத்தினாள். பாய்லர் பிரஷ்ஷால் கழுத்தில் நுரை பூசினார். பற்றவைத்த இடம் பாறைபோல் நின்றது, ஒரு குமிழி இல்லை. முன்பக்க இணைப்பில் மட்டும் கடுகளவு ஒரு குமிழி வந்து, உடைந்து, மறுபடி வந்தது. பாய்லர் ஒரு தட்டு தட்டினார். இஞ்சின் நின்றது.

"ஒரு சின்னக் குமிழிதான். ரெண்டு நாள் ஓடினா கரி புடிச்சுத் தானா அடைஞ்சிடும்" என்றார் வெளியே தலை நீட்டி.

"எனக்கு இஸ்ஸுன்னு கேக்குது."

"எனக்குக் கேக்கலையே."

"உங்களுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. கழட்டுங்க."

"இருட்டப்போவுதுடி."

"ஒரே தடவைன்னு சொல்லியிருக்காரு. அந்த ஒரு தடவைக்கு ஒரு குமிழியும் ஆவாது. கழட்டுங்க."

சீட்டில் இருந்தவன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

பாய்லர் கழற்றினார். ஒரு இணைப்பு முகத்தில் சாக்கட்டியைத் தேய்த்து, மற்றதை அதன்மேல் ஒட்டி எடுத்தார். சாக் ஒட்டின இடம் மேடு, ஒட்டாத இடம் பள்ளம். மேட்டை அரத்தால் ஒரு இழுப்பு, மறுபடி சாக், மறுபடி அரம். ஊசிமுனையளவு வேலை. வட்டம் முழுக்க வெள்ளை ஒரே சீராக ஒட்டும்வரை அவர் நிமிரவில்லை. கொதிகலன் மூடிகளை அப்படித்தான் உட்காரவைப்பார்கள். இரண்டு முகத்துக்கும் நடுவில் புது அடைப்பு வளையம் வைத்து, எதிரெதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். மறுபடி இரண்டு தட்டு. நுரை பூசியது பூசியபடி இருந்தது. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். மழைச் சத்தம்தான் கேட்டது.

அதற்கும் அவளுக்கு மனம் ஆறவில்லை. பின்சீட்டில் தம்பி படுக்கிற மாதிரியே, அவன் தலைவைக்கிற பக்கமே தலைவைத்துப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள். "ஜன்னலை எல்லாம் ஏத்துங்க. தெருவைச் சுத்துங்க."

"உனக்கு வாந்தி வரும்டி."

"வரட்டும். ஓட்டுங்க."

மழையில் தெருத்தெருவாகச் சுற்றினார் பாய்லர். ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். வீடு திரும்பி வண்டி நின்றதும் அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடிச் சுவரோரம் குனிந்தாள். பாய்லர் பின்னாலேயே ஓடி அவள் நெற்றியைத் தாங்கினார். "புகையா? ஏய், புகையா?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இது நம்ம பழைய வாந்தி. கல்யாணமான நாள்லருந்து வர்ற வாந்தி. தலை வலிக்கல. கொஞ்சம்கூட வலிக்கல." மழையில் நனைந்துகொண்டே சிரித்தாள். இந்தப் பொம்பளைக்கு அப்படி என்ன கொடுத்துவிட்டோம் என்று பாய்லருக்குத் தோன்றியது. போர்வையை எடுத்து அவள் தலையில் போட்டார்.

திங்கட்கிழமையும் மழை. ஜன்னல் நாலும் மூடியிருந்தது. துவைத்துக் காய்ந்த போர்வையில் தம்பி பின்னால் படுத்திருந்தான். அவள் மடியில் ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இந்த மழைச் சத்தத்தில் யார் பேசினாலும் பாய்லருக்குக் கேட்கப்போவதில்லை.

பாதி வழியில் கண்ணாடியைப் பார்த்தார். தம்பி கண்ணை மூடியிருந்தான். போன தடவையும் இந்த இடத்தில் இப்படித்தான் மூடியிருந்தான்.

அப்போது முதுகில் அது வந்து சேர்ந்தது. சீட்டின் இரும்புச் சட்டம் வழியாக, எலும்புக்குள் விழுகிற தட்டு.

ஒன்று.

அடுத்த தட்டுக்காகக் காத்தார். வரவில்லை. ஒன்றுதான். நிறுத்து.

பாய்லர் வண்டியை ஓரம் கட்டினார். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. வைப்பர் மட்டும் இங்கும் அங்கும் போய் வந்தது. அவள்தான் திரும்பினாள். "என்ன தம்பி? வலிக்குதா?"

அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் படிந்த ஆவியைப் புறங்கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, அந்த ரொட்டிக் கடையைத் தாண்டுறதுக்குள்ள நிறுத்தச் சொன்னேன். பசிக்குது."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். குடையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடி, சூடாக ஒரு ரொட்டியும் அவித்த முட்டையும் வாங்கி வந்தாள். பாய்லர் இன்னும் முன்னால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பின்னால் அவன் பிய்த்துப் பிய்த்துத் தின்கிற அசைவு சீட்டு வழியாக முதுகில் தெரிந்தது. அவன் தின்று முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"என்னண்ணே பாத்துக்கிட்டே இருக்கே? நேரமாவுது" என்று அவன் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. கேட்காது என்று அவனுக்கும் ஞாபகம் வந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு சட்டத்தில் தட்டினான்.

இரண்டு.

பாய்லர் கியரைப் போட்டார். ரோட்டுப் பள்ளங்களில் வண்டி குலுங்கக் குலுங்க, அடியில் குழாய் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே வந்தது.